ஹீமோகுளோபின் 8.4, ப்ரமோஷன் வேணாம்

போன வருஷம் ஒரு பேங்க் கிளார்க் வந்தாங்க, நாப்பது வயசு இருக்கும், படி ஏறினா மூச்சு வாங்குது, மத்தியானம் கவுன்ட்டர்ல உக்காந்தா கண்ணு இருட்டிக்கிட்டு வருதுன்னாங்க. ஹீமோகுளோபின் 8.4, நல்ல ரத்தசோகை. பீரியட்ஸ் விசாரிச்சேன், ஸ்கேன் எடுத்தேன், அதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. இரும்புச்சத்து மாத்திரை ஆறு மாசமா போடுறாங்களாம். எப்படிம்மா போடுறீங்கன்னா, காலைல காபியோட முழுங்கிடுவேன் டாக்டர்ங்கறாங்க. காபி, டீயோட போட்டா அது உடம்புல சரியா சேராது. ஆனா அஞ்சு மணிக்கு எந்திரிச்சு மூணு டிபன் பாக்ஸ் கட்டி, மாமனாருக்கு சுகர் மாத்திரை எடுத்து வச்சுட்டு எட்டேகால் பஸ்ஸ பிடிக்கிறவங்களுக்கு, நின்னுக்கிட்டே குடிக்கிற அந்த ஒரு டம்ளர் காபிதான் தனக்குன்னு கிடைக்கிற நேரம்.

பேசிட்டு இருக்கும்போதே வீட்டுக்காரர் போன், சிலிண்டர் வந்திருக்கு, காசு எங்க? "பீரோல ரெண்டாவது தட்டு, மஞ்ச பர்ஸ்." இப்படி எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கறத யாரும் வேலைன்னே கணக்குல சேக்கறதில்ல.

மத்திய அரசோட 2024 நேரப் பயன்பாட்டு சர்வேல, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம். அந்த 88-ம் வீட்டு வேலை செய்யற ஆண்களோட சராசரிதான், துரும்பக்கூட நகத்தாதவங்க அதுல இல்லவே இல்ல.

ஆபீசர் ப்ரமோஷனுக்கு ரெண்டு தடவ சான்ஸ் வந்தும் இவங்க எழுதல. ஆபீசர் ஆனா வெளியூர் ட்ரான்ஸ்ஃபர் வரும், வீட்ட யார் பாக்கறதுங்கற கேள்வி இவங்களுக்கு மட்டும்தான் வருது, கூட சேந்த ஆம்பளைங்களுக்கு வரல, அவங்க இன்னைக்கு மேனேஜர். சட்டமும் அப்படித்தான் இருக்கு. 2017-ல மகப்பேறு லீவ் 26 வாரம் ஆச்சு, ரொம்ப நல்ல விஷயம், ஆனா அப்பாவுக்கு மத்திய அரசு வேலைன்னா 15 நாள், பிரைவேட்னா சட்டப்படி ஒண்ணும் கிடையாது. அப்புறம் கம்பெனிக்காரன் யாரை வேலைக்கு எடுக்க யோசிப்பான்?

அடுத்த தடவ வீட்டுக்காரரையும் வரச்சொன்னேன். நல்ல மனுஷன்தான். "சொன்னா செய்வேன் டாக்டர்"னாரு. சொல்றதுக்கும் அவங்கதானே யோசிக்கணும், அதுதான் சார் பிரச்சனையேன்னேன். ராத்திரி டிபனும் அப்பாவோட மருந்தும் இனிமே முழுசா உங்க பொறுப்பு, என்ன செய்யணும்னு அவங்கள கேக்கவே கூடாதுன்னு சொல்லி அனுப்பினேன். மாத்திரைய ராத்திரி படுக்கும்போது மாத்தினோம்.

மூணு மாசத்துல 11.2. ப்ரமோஷன் என்னாச்சுன்னு கேட்டேன். இந்த வருஷம் தேதி போயிருச்சு டாக்டர், அடுத்த தடவ எழுதலாம்னு அவரே சொல்றாருன்னாங்க.