சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்குமா?

“சர்க்கரையை அடியோடு விட்டுவிட்டேன். மாவுச்சத்தையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். இனி கட்டி பட்டினியில் சுருங்கிவிடும்தானே, டாக்டர்?” கீமோதெரபி எடுப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவரின் எடை பெரும்பாலும் ஏற்கெனவே குறையத் தொடங்கியிருக்கும். அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

இந்த நம்பிக்கை முற்றிலும் ஆதாரமற்றது அல்ல. போதிய ஆக்சிஜன் இருந்தும் புற்றுத் திசு குளுக்கோஸை முழுமையாக எரிக்காமல் லாக்டேட்டாக (லாக்டிக் அமிலத்தின் ஒரு வடிவம்) மாற்றி வெளியே தள்ளுவதை, ஜெர்மானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டறிந்தார். குளுக்கோஸ் போன்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனில் கட்டி ஒளிர்வதும் அது குளுக்கோஸை அள்ளி விழுங்குவதால்தான். ஆனால் வெளியே தள்ளப்பட்ட லாக்டேட் என்ன ஆகிறது என்பதைப் பலரும் கேட்பதில்லை.

ஓய்வில் இருக்கும்போது நம் இரத்தத்தில் லாக்டேட் லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல் இருக்கும். சில கட்டிகளுக்குள் அது 40 வரைகூட எட்டுகிறது. கூடவே அமிலமும் சேர்கிறது. இரத்தத்தின் பி.எச். (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 7.4 என்றால், கட்டியைச் சுற்றி அது 7க்கும் கீழே இறங்கிவிடலாம். இப்படிப்பட்ட இடத்தில் நோய் எதிர்ப்புப் படையின் டி செல்கள் சோர்ந்துபோகின்றன. தாமும் லாக்டேட்டை வெளியேற்றியாக வேண்டிய அவற்றுக்கு, வெளியிலேயே அது நிரம்பி வழிவது பெரும் முட்டுக்கட்டை.

புற்றுசெல்லோ அதே சூழலுக்குத் தன்னை மாற்றிக்கொள்கிறது. செல்லின் சவ்வில் லாக்டேட்டைக் கடத்தும் புரதங்கள் உண்டு. எம்.சி.டி.4 முக்கியமாக வெளியே அனுப்பும்; எம்.சி.டி.1 பல கட்டிகளில் உள்ளே இழுக்கும். உள்ளே வந்த லாக்டேட் பைருவேட் என்ற பொருளாக மாறி, செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் எரிந்து ஆற்றல் தருகிறது. இரத்தக் குழாயை ஒட்டிய செல்கள் லாக்டேட்டை உண்டு, குளுக்கோஸை ஆக்சிஜன் எட்டாத உட்பகுதிச் செல்களுக்கு விட்டுவைப்பதை 2008இல் விலங்கு ஆய்வுகள் காட்டின. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு!

2017இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு எங்கே போகிறது என்று பின்தொடர்வதற்காக அடையாளமிட்ட லாக்டேட்டைச் செலுத்திப் பார்த்தபோது, அதன் கார்பன் கட்டியின் ஆற்றல் சுழற்சிக்குள் நுழைந்திருந்தது. ஸ்கேனில் குளுக்கோஸை மிகுதியாக உறிஞ்சிய, வேகமாகப் பரவும் கட்டிகளில்தான் இந்தப் பழக்கம் அதிகம் தெரிந்தது. குளுக்கோஸுக்கு மட்டுமே அடிமை என்று நாம் நினைக்கும் கட்டிகள் அவை.

லாக்டேட்டின் பாதையை மருந்தால் அடைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. எளிதான வேலை அல்ல. இதயமும் தசைகளும் மூளையும்கூட லாக்டேட்டை எரிபொருளாகக் கொள்கின்றன. அது விஷம் அல்ல. உடற்பயிற்சியில் உண்டாகும் லாக்டேட்டுக்குப் பயந்து நடப்பதையே நிறுத்துபவர்களுக்கும் இதையே சொல்வேன்: அது சிறிது நேரத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும்.

காரத்தன்மை கொண்ட நீரைக் குடித்துக் கட்டியின் அமிலத்தை முறிக்கவும் முடியாது. இரத்தத்தின் பி.எச். அளவை நுரையீரலும் சிறுநீரகமும் கட்டிக் காக்கின்றன. கட்டியின் அமிலம் கட்டிக்குள்ளேயே உற்பத்தியாவது.

சர்க்கரையை முழுவதும் விட்டாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்துக்கொண்டேதான் இருக்கும். கட்டி வெளியேற்றும் லாக்டேட்டையும், தசை கரைந்து வரும் அமினோ அமிலங்களையும் அதற்குப் பயன்படுத்தும். இரண்டு லாக்டேட்டிலிருந்து ஒரு குளுக்கோஸை உருவாக்க உடல் ஆறு ஏ.டி.பி. (செல்கள் ஆற்றலுக்குச் செலவிடும் ‘நாணயம்’) மூலக்கூறுகளுக்கு இணையான ஆற்றலைச் செலவிடுகிறது. அதே குளுக்கோஸை லாக்டேட்டாக உடைத்துக் கட்டி பெறுவதோ இரண்டுதான். பட்டினி கிடப்பது கட்டியல்ல, நீங்கள்.

இனிப்புப் பானங்களைக் குறைப்பது நல்லது. நீரிழிவு இருந்தால் கட்டாயம். ஆனால் சிகிச்சைக் காலத்தில் புரதத்தையும் போதிய கலோரியையும் விடாதீர்கள். ஆறு மாதத்தில் உங்கள் எடை 5 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்திருந்தால், அடுத்த கீமோ தேதிவரை காத்திருக்காமல் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்; உணவியல் நிபுணரையும் பார்க்கக் கேளுங்கள்.