ஜியோடெக்ஸ்டைல்: நிலத்துணி

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்கும் சங்கரன்கோவிலுக்கும் கரிசல் வழியே செல்லும் சாலைகளை அறிந்தவர்களுக்கு, அந்த மண் மழையில் உப்பிக் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நனைந்து குழைந்த கரிசலின் மேல் எவ்வளவு ஜல்லியைக் கொட்டி ரோலர் ஓட்டினாலும், வண்டிகள் போகப் போக ஜல்லி சேற்றுக்குள் இறங்கும். சேறு ஜல்லியின் இடுக்குகளில் மேலேறும். இவ்விரண்டும் கலந்துவிடாமல் நடுவே விரிக்கப்படும் துணியையே பொறியாளர்கள் ஜியோடெக்ஸ்டைல் என்கிறார்கள். அது தண்ணீரை விடும், மண்ணை விடாது. கரிசலின் உப்பலை அது நிறுத்திவிடும் என்று எண்ணக் கூடாது. சாலையின் அடித்தளம் மண்ணோடு மண்ணாகிக் கரைவதைத் தடுப்பதே அதன் முதல் வேலை.

நிலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'கே' என்பதும், நெய்தலைக் குறிக்கும் 'டெக்ஸெரெ' என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்த 'டெக்ஸ்டைல்' என்பதும் சேர்ந்து உருவான இச்சொல்லை, 1977இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜே. பி. ஜிரூ வழங்கினார். பெயர் புதிது என்றாலும் முறை அதற்கு முந்தியது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநில நெடுஞ்சாலைத் துறை 1926இலேயே தடித்த பருத்தித் துணியைச் சாலையில் இட்டுச் சோதித்தது. பருத்தி விளையும் கரிசலில் வாழ்கிற நமக்கு இந்தச் செய்தி தனியாக இனிக்கிறது.

தமிழில் இதற்கு என்ன சொல் பொருந்தும்? 'புவிநெசவு' என்று சொல்லுக்குச் சொல் மாற்றுவது இருவகையில் பிழைபடும். புவி என்றதும் நம் மனத்தில் எழுவது உலகம் முழுவதும். இங்கே பேசப்படுவதோ காலடியில் கிடக்கும் மண். அடுத்ததே பெரிய பிழை: இன்று சாலைகளில் இடப்படும் இத்துணிகளில் ஒரு வகை மட்டுமே தறியில் நெய்யப்படுகிறது. மற்றொரு வகை, பாலிபுரொப்பிலீன், பாலியெஸ்டர் போன்ற இழைகளைப் பரப்பி, முள் ஊசிகளால் குத்திப் பின்னிக் கம்பளிபோல் ஆக்கப்படுவது; அதில் ஊடும் இல்லை, பாவும் இல்லை. ஆங்கிலப் பெயருக்குள் இருக்கும் நெசவு அவ்வகைக்குப் பொருந்தவில்லை. நம்முடைய 'துணி'யோ துணித்தல், அதாவது வெட்டுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. அறுத்தலிலிருந்து 'அறுவை' என்ற பழைய ஆடைப்பெயர் வந்ததும் இவ்வாறே. நெய்ததா பின்னியதா என்பதை அச்சொல் கேட்பதில்லை. சுருளிலிருந்து அறுத்து எடுத்ததை அது குறிக்கிறது. 'மண்துணி' என்றால் மண் படிந்த துணி என்று மயங்க இடமுண்டு. ஆகவே 'நிலத்துணி' என்பதே சரியான சொல் என்று நான் கருதுகிறேன். தேங்காய் நாரால் ஆனதை நார் நிலத்துணி எனலாம். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் அதைப் பயன்படுத்த 2020இல் ஒப்புதல் கிடைத்தது. நார் சில ஆண்டுகளில் மட்கிவிடும். அதற்குள் அடிமண் இறுகி வலுப்பெற்றுவிடும் என்பதே அதன் கணக்கு.

சாலையின் அடியில் இதுபோலவே விரிக்கப்படும் ஜியோகிரிட், கண்ணி கண்ணியாக இருப்பதால் துணியன்று; அதை 'நிலவலை' எனலாம். ஜல்லிக் கற்கள் அதன் கண்களில் சிக்கிப் பக்கவாட்டில் நகர முடியாமல் நிற்பதால் அடித்தளம் வலுப்படுகிறது.

இவற்றோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல் 'எடைகுறை நிரப்பு'. தாமிரபரணி வயல்களின் இளகிய களிமண்ணில் பாலத்தை ஒட்டி உயரமாக மண் கொட்டினால், அந்த மண்ணின் எடையே கீழுள்ளதை அமுக்கிச் சாலையைத் தாழ்த்திவிடும். அதனால் மண்ணுக்கு மாற்றாக அதைவிட எடை குறைந்ததை நிரப்புகிறார்கள். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் கிடைப்பது போன்ற நிலக்கரிச் சாம்பல் அவற்றுள் ஒன்று. மிக எடை குறைந்தது, நாம் தெர்மாகோல் என்று அழைக்கும் நுரைக்கட்டி: ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ 1,800 கிலோ இருக்க, இது 20 கிலோ அளவே இருக்கும். நார்வேயில் 1972இல் பாலத்தை ஒட்டிய சாலையில் இதை இட்டார்கள். ஆனால் நுரைக்கட்டி நீரில் மிதக்கும், பெட்ரோல் பட்டால் கரையும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நம் சீமையில் இதை இடுவதென்றால், வெள்ளம் தூக்கிவிடாதபடி மேலே போதிய எடை நிற்க வேண்டும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும்.