மனச்சோர்வு இ.இ.ஜி.யில் தெரியுமா?

“இ.இ.ஜி. எடுத்துப் பார்த்தால் எனக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று தெரிந்துவிடுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தெரியாது. தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்வதுதான் இ.இ.ஜி. வலிப்பு நோய்க்கு அது அருமையான சோதனை. மனச்சோர்வை அறிய இன்றும் மருத்துவர் நம்மோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். அதற்காக மூளை அலைக்கும் மனநலத்துக்கும் தொடர்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

1924-ல் ஜெர்மனியின் யேனா நகரில் மனித மூளையின் அலைகளை முதலில் பதிவுசெய்த ஹான்ஸ் பெர்கரே ஒரு மனநல மருத்துவர்தான். டெல்டா, தீட்டா, ஆல்ஃபா, பீட்டா, காமா என்பதெல்லாம் வேகத்தை வைத்து இட்ட பெயர்கள்.

என்னை மயக்குவது ‘ஸ்லீப் ஸ்பிண்டில்’. கண் அயர்ந்து சற்று நேரத்தில், நொடிக்கு 11 முதல் 16 துடிப்பு வீதம் ஓர் அலை எழுந்து, நடுவில் பருத்து, மெலிந்து அடங்கும். நூல் சுற்றிய தக்களி போன்ற வடிவம். பெரும்பாலும் இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும்.

இது பிறப்பது மூளையின் நடுவிலுள்ள தலாமஸில். அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய நியூரான் படலம் தலாமஸ் செல்களை அடக்குகிறது. அடங்கிக் கிடக்கும்போதுதான் அந்தச் செல்களில் ஒருவகைக் கால்சியம் வாயில்கள் திறக்கத் தயாராகின்றன! பிடி தளர்ந்ததும் கால்சியம் உள்ளே பாய, செல்கள் படபடவென்று துடிக்கின்றன. அந்தத் துடிப்பு படலத்தையே தட்டி எழுப்புகிறது; அது மறுபடி அடக்குகிறது. அடக்குவதே அடுத்த துடிப்புக்கு வித்தாகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

சரி, இதில் மனநலம் எங்கே வருகிறது? மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடம் ஸ்பிண்டில்கள் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மருந்தே தொடங்காதவர்களிடமும் இது தெரிகிறது. ஆல்ஃபாவைக் கூட்டிக் கவலையைப் போக்குவதாகச் சொல்லும் தலைப்பட்டைகளுக்குப் போகும் பணத்தில் ஒரு பங்காவது இத்தகைய தூக்க ஆய்வுகளுக்கு வர வேண்டும் என்பேன்.

மனச்சிதைவு உள்ளவர்களுக்குத் தூக்க மருந்து கொடுத்து ஸ்பிண்டில்களைக் கூட்டியும் பார்த்தார்கள். எண்ணிக்கை கூடியது, நினைவாற்றல் கூடவில்லை. ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான அலை மேலேறும் நேரத்தில் ஸ்பிண்டில் வந்து பொருந்தினால்தான் பகலில் கற்றது நன்றாகப் பதிகிறது. இப்போது ஆய்வாளர்கள் எண்ணிக்கையோடு அந்த நேரப் பொருத்தத்தையும் அளந்து பார்க்கிறார்கள்.