சுகர் லோ ஆகுதுன்னா குணமாகுதுன்னு அர்த்தம் இல்லைங்க

திரும்பத் திரும்ப இதையே பார்க்கிறேன், அதான் எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

9 வயசுப் பொண்ணு, டைப் 1 சுகர் வந்து 3 வருஷம் ஆச்சு. அம்மா முகத்துல அவ்ளோ சந்தோஷம். "இன்சுலின் குறைச்சுக்கிட்டே வர்றோம் டாக்டர், அப்படியும் அடிக்கடி லோ ஆகுது, சரியாகிட்டு வருது போல." நான் பாப்பாவோட பாவாடையைத்தான் பார்த்துட்டு இருந்தேன். ரெண்டாங்கிளாஸ்ல வளர்ற பிள்ளைன்னு மடிச்சுத் தைச்ச யூனிஃபார்ம், நாலாங்கிளாஸ்லயும் அந்த மடிப்பைப் பிரிக்கவே இல்ல.

டெஸ்ட் பண்ணா சீலியாக். கோதுமை சேராம குடல் உள்பக்கம் கெட்டுப்போயிருக்கு. சாப்பிட்டது சரியா உடம்புல ஒட்டல, போட்ட ஊசி மட்டும் வேலை செய்யுது, லோ ஆகாம என்ன பண்ணும்?

டைப் 1 குணமாகாதுங்க. மிட்டாய் சாப்பிட்டு வந்ததும் இல்ல. உடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்குற செல்லை அழிச்சிடுது. நோய் தெரிஞ்ச புதுசுல கொஞ்ச மாசம் டோஸ் குறையும், நாங்க ஹனிமூன்னு சொல்லுவோம், மிச்சம் இருக்குற செல் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்குது, அவ்ளோதான். அந்த நேரம் பார்த்து கஷாயம் குடுத்தவங்க கஷாயத்துலதான் சரியாச்சுன்னு நம்பி ஊசியை நிறுத்திட்டு, பிள்ளை வாந்தி எடுத்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஐசியூவுக்குத் தூக்கிட்டு வர்றாங்க. தயவுசெஞ்சு இன்சுலினை மட்டும் நிறுத்தாதீங்க. வருஷக்கணக்கு ஆனப்புறம் டோஸ் குறையுதுன்னா அது ஹனிமூனே இல்ல, ஏன்னு தேடணும்.

கணையத்தை அடிச்ச அதே எதிர்ப்பு சக்தி வேற உறுப்பையும் அடிக்கலாம். தைராய்டுதான் அதிகம். சீலியாக் நம்ம பக்கம் வட இந்தியா அளவுக்கு இல்ல, ஆனா சுகர்னு சொன்னதுமே சோத்தை நிறுத்திட்டு மூணு வேளையும் சப்பாத்தி, கோதுமை ரவைன்னு குடுக்குறோமே, சீலியாக் இருக்குற பிள்ளைக்கு அது இன்னும் கெடுதல். சிறுநீரகத்துக்கு மேல இருக்குற அட்ரீனல் சுரப்பி அடிபடுறது அரிதுதான், ஆனா உயிருக்கே ஆபத்து: டோஸ் குறையுதா, பிள்ளை சோர்ந்து கிடக்கா, உப்பு உப்புன்னு கேக்குதா, ஈறும் உள்ளங்கை ரேகையும் கறுக்குதா, அன்னைக்கே கூட்டிட்டு வாங்க.

தைராய்டு டெஸ்ட் டைப் 1 தெரிஞ்சதும் ஒண்ணு, அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவையாவது. சீலியாக்குக்கு டிடிஜி ரத்த டெஸ்ட் ஆரம்பத்துல, 2 வருஷத்துல, 5 வருஷத்துல. டெஸ்ட்டுக்கு முன்னாடி நீங்களா கோதுமையை நிறுத்திடாதீங்க, ரிசல்ட் தப்பா வரும். மூணு மாசத்துக்கு ஒருதடவை செவுத்துல நிக்க வச்சு உயரத்தைக் கோடு போட்டு தேதி எழுதுங்க, சுகர் நோட்டோட அதையும் போட்டோ எடுத்துட்டு வாங்க.