காய்ந்த மண்ணில் யூரியா: பணமும் வீண், தீவனமும் நஞ்சு

மானாவாரித் தீவனச் சோளத்தில் அதிகம் வீணாகும் இடுபொருள் யூரியாதான். மழை தள்ளிப்போய்ப் பயிர் வெளுத்ததும் ஒரு மூட்டையை வாங்கித் தூவிவிடுகிறார்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) மண்ணில் இருந்தும், ஈரமில்லாமல் வேரால் அதை எடுக்க முடியாமல் போவதும் வெளுப்புக்குக் காரணமாகலாம். மேலே தூவிய யூரியாவோ இரவுப் பனியின் ஈரத்தில் கரைந்து, அம்மோனியாவாகிக் காற்றோடு போகிறது.

செலவை விதைப்புக்கு முன்பே சரியாகச் செய்வது நல்லது. ஏக்கருக்கு 300 கிலோ மட்கிய தொழு உரத்துடன் 50 கிலோ சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, லேசாக ஈரப்படுத்திக் குவித்து, மண்ணால் மெழுகி ஒரு மாதம் விடுங்கள். இப்படி ஊட்டமேற்றினால் சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் இறுகிப் பயிருக்குக் கிட்டாமல் போவது குறையும். ஏக்கருக்கு 16 கிலோ விதை போதும். லிட்டருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்த நீரில் அதை 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைத்தால் இளம்பயிர் வறட்சியை ஓரளவு தாங்கும்.

மானாவாரிக்கு ஏக்கருக்கு 12 கிலோ தழைச்சத்து, அதாவது 26 கிலோ யூரியா போதும். பாதியை விதைக்கும்போது மண்ணுக்குள் இடுங்கள். மீதி 13 கிலோவை, 25 முதல் 30 நாளில் நல்ல மழை பெய்து மண் நனைந்திருந்தால் மட்டும், வரிசையோரம் கீறி இட்டு மூடுங்கள். மழை இல்லையா? மூட்டையைத் திறக்கவே வேண்டாம். அது அடுத்த பருவத்துக்கு உதவும்.

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் மாட்டின் உயிர். வறட்சியில் வளர்ச்சி நின்ற சோளம், எடுத்த தழைச்சத்தைப் புரதமாக்க முடியாமல் நைட்ரேட்டாகத் தண்டின் அடிப்பகுதியில் சேர்த்து வைக்கிறது. வாடிய பயிரிலும், மழைக்குப் பின் கிளைக்கும் இளந்துளிரிலும் ஹைட்ரஜன் சயனைடு நஞ்சும் கூடும். யூரியா அதிகமானால் இரண்டுமே ஏறும். அதனால் வறண்ட காலத்தில் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுங்கள். மழை பெய்த மறுநாளே அறுக்காமல் ஒரு வாரமாவது பொறுங்கள். முழங்கால் உயரத் துளிரில் மாட்டை மேயவிடவே கூடாது. வயலில் பாதிப் பயிர் கதிர் பூத்த பிறகு அறுப்பதே பாதுகாப்பு.

‘காயவைத்துப் போட்டால் நஞ்சு போய்விடும்’ என்பது பாதிதான் உண்மை. நன்றாக உலர்த்தினால் சயனைடு பெருமளவு குறையும். நைட்ரேட் அப்படியே இருக்கும். ஊறுகாய்ப்புல் (பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைப்பது) போட்டு ஒரு மாதம் கழித்துத் திறந்தால் இரண்டுமே குறையும்.

தின்ற சிறிது நேரத்தில் மாடு மூச்சு வாங்கித் தள்ளாடினால் தீவனத்தை உடனே அகற்றிக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். ஈறும் கண்ணின் உள்ளிமையும் பளிச்சென்று சிவந்திருக்கின்றனவா, பழுப்பேறியிருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள். சிவப்பு சயனைடையும், பழுப்பு நைட்ரேட்டையும் காட்டும். இரண்டுக்கும் மாற்று மருந்து வேறு.