ரோபோ வண்டியின் கியர்பாக்ஸ் கழன்று வரவேண்டும்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கியர் வெட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். ரோபோ போட்டி நெருங்கினால் கல்லூரிப் பிள்ளைகள் வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு அணி போட்டிக்கு முந்தின நாள் மாலைதான் வந்தது. ஜோடியில் சின்ன கியரான பினியனில் மூன்று பல் போயிருந்தது. புது பினியன் வெட்ட அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் கியர்பாக்ஸை அடிச்சட்டத்தோடு வெல்டு வைத்திருந்தார்கள். அறுத்தெடுத்து, மறுபடி நேர் பார்த்துப் பொருத்துவதற்குள் விடிந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் கண் எரிய எரியக் களத்துக்குப் போனதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

கியர்பாக்ஸைத் தனிப் பெட்டியாகச் செய்யுங்கள். நாலு போல்ட்டைக் கழற்றினால் மோட்டாரோடு வெளியே வரவேண்டும். இடது, வலது இரண்டுக்கும் ஒரே பெட்டி என்றால் உதிரிக்கு ஒன்று போதும்.

சரி, வேகத்தை மாற்ற வேண்டுமென்றால்? அதற்கும் புதுப் பெட்டி வேண்டாம். இரண்டு ஷாஃப்ட்டுக்கு நடுவே உள்ள தூரம் என்பது, இரு கியர்களின் பற்களைக் கூட்டி, மாட்யூலால் (பல்லின் பருமனைச் சொல்லும் எண்) பெருக்கி, பாதியாக்கினால் வருவது. மாட்யூல் 1, மொத்தம் 72 பல் என்றால் 36 மி.மீ. 18 பல் பினியன், 54 பல் கியர் என்ற 18-54 ஜோடி வேகத்தை மூன்றில் ஒன்றாக்கும். 24-48 ஜோடி பாதியாக்கும். இரண்டிலும் கூட்டினால் 72தான், அதனால் பெட்டியின் பிளேட்டில் ஷாஃப்ட் துளை நகராது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் மோட்டாருக்கு அடுத்தடுத்து இரண்டு கட்டமாக வேகத்தைக் குறைத்து, இரண்டிலும் 18-54 போட்டால், 100 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தோடு வண்டி சுமையில்லாமல் நொடிக்குச் சுமார் 1.7 மீட்டர் போகும். முட்டித் தள்ளும் ஆட்டத்துக்கு இது. ஒரு கட்டத்தை மட்டும் 24-48 ஆக்கினால் 2.6 மீட்டர், பந்தயத்துக்கு அது. இந்த ஒரு கணக்கைத் தாளில் போட்டுவிட்டு வருகிற அணியைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பினியனில் 17 பல்லுக்குக் கீழே போகாதீர்கள். வழக்கமான 20 டிகிரி கியரில் அதற்குக் கீழே சாதாரணமாக வெட்டினால் பல்லின் அடி குடைந்து மெலிந்துவிடும். கியரை ஷாஃப்ட்டோடு இறுக்கும் கிரப் ஸ்க்ரூவை மட்டும் நம்பாமல், கியர் வழுக்காமல் பிடிக்கும் சின்ன உலோகத் துண்டான கீயை ஷாஃப்ட்டில் போடுங்கள். அப்புறம், எதிராளியோடு முட்டி நிற்கும்போது மோட்டார் நிற்பதற்கு முன்னால் சக்கரம் வழுக்க வேண்டும். அப்படி விகிதத்தை வையுங்கள். சுழலாமல் நின்ற மோட்டார் உச்ச மின்னோட்டத்தை இழுத்துச் சீக்கிரமே கருகிவிடும்.

உதிரி கியர்களுக்குக் கிரீஸ் தடவிப் பையில் கட்டி வையுங்கள். நம்ம ஊர் உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்.