அட்ரஸ் பாரில் இரண்டு எழுத்து போதும்

எங்கள் சர்வீஸ் கடைக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை லேப்டாப்பும் கையுமாக வருவார், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கரண்ட் பில் கட்டத்தான். நான் பக்கத்தில் இருந்தால் அவருக்குத் தைரியம்.

போன முறை பிரவுசரின் உச்சியில் முகவரி அடிக்கும் பெட்டியான அட்ரஸ் பாரில் ‘இபி பில்’ என்று அடித்து என்டர் தட்டினார். தேடல் முடிவுகள் வந்தன. முதலில் நின்றதைச் சொடுக்கப் போனவரை, “சார், ஒரு நிமிஷம்” என்று நிறுத்தினேன். அது விளம்பரம். பொடி எழுத்தில் ‘ஸ்பான்சர்டு’ என்று போட்டிருந்தது. மின்வாரியத்தின் தளமே இல்லை.

“எப்பவும் இப்படித்தானே தம்பி போவேன்?” என்றார்.

அதுதான் சங்கடம். உண்மையான தளத்துக்கு அவர் பலமுறை போய்வந்திருக்கிறார். பிரவுசர் அதை மறக்கவில்லை. முகவரியின் முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் மீதி தானாக நிரம்பியது. கீழே விரியும் வரிசையில் பூதக்கண்ணாடிப் படம் போட்ட வரி தேடலுக்குக் கொண்டுபோகும். முழு முகவரி தெரியும் வரி நேரே தளத்துக்குப் போகும். 2008 செப்டம்பரில் வந்த கூகுளின் குரோம் பிரவுசர் முகவரியையும் தேடலையும் ஒரே பெட்டியில் வைத்தது. வசதிதான். ஆனால் தெரிந்த இடத்துக்கும் வழி கேட்டுப் போகும் பழக்கம் அதோடு சேர்ந்து வந்துவிட்டது.

தப்பான தளத்துக்கு ஒருமுறை போய்விட்டால் அதையும் பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த வரிக்கு அம்பு விசையால் இறங்கி, ஷிப்ட்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்துங்கள். போய்விடும்.

முகவரியைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை (//) விடுங்கள். அதற்கப்புறம் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைப் பிடித்து, அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருப்பதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். அதுதான் வீட்டுக்காரர் பெயர். வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் ‘பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது நமக்கு நல்லதாகப் போயிற்று. ‘பேங்க்.இன்’ கடைசியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ‘பேங்க்.இன்.ஏதோஒன்று.காம்’ என்றிருந்தால் அது வங்கியின் வீடு அல்ல, ஏதோஒன்றின் வீடு. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் தெரிந்தால் அதை நம்பாதீர்கள். இடையில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதற்குத்தான் அது அடையாளம். எதிரில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அல்ல. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றே 2023-இல் குரோம் அந்தப் பூட்டை எடுத்துவிட்டது.

சரி, நாள் முழுக்கக் கணினியில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம். கன்ட்ரோலும் எல்லும் அழுத்தினால் எங்கிருந்தாலும் அட்ரஸ் பாருக்குப் போய்விடலாம், மவுஸ் வேண்டாம். நாற்பது டேப் திறந்து வைத்துவிட்டு ஒன்றைத் தேடி அலைபவரா நீங்கள்? (நான் அப்படித்தான்.) குரோமில் @ அடித்தால் டேப், ஹிஸ்டரி, புக்மார்க் என்று வரிசை விரியும், ஒன்றைத் தேர்ந்துகொண்டு தேடலாம். பயர்பாக்ஸ் பிரவுசரில் % அடித்து ஓர் இடைவெளி விட்டால் திறந்திருக்கும் டேப்களில் மட்டும் தேடும். * புக்மார்க்குக்கு, ^ ஹிஸ்டரிக்கு. கணக்குப் போடவும் அட்ரஸ் பாரே போதும். பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி பார்க்க நான் கால்குலேட்டரைத் திறந்து வருஷக்கணக்காகிறது.

இதெல்லாம் சொல்லிக்கொடுத்து முடித்த கையோடு, சார் மின் இணைப்பு எண்ணை எடுத்து அட்ரஸ் பாரிலேயே அடிக்க ஆரம்பித்தார்! சிரிப்பு வந்தாலும் விஷயம் சின்னதல்ல. அடிக்கும்போதே கீழே யோசனைகளைக் காட்டும் தேடல் பரிந்துரை இயக்கத்தில் இருந்தால், நாம் அடிக்க அடிக்கவே எழுத்துகள் தேடுபொறிக்குப் போகின்றன. என்டர் தட்டும் வரை அது காத்திருப்பதில்லை. இப்படிக் கைதவறி ஆதார் எண்ணையும் பாஸ்வேர்டையும் அங்கே அடித்தவர்களை என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன். எண்தான் என்றால் ஹிஸ்டரியிலிருந்து நீக்கிவிடச் சொல்வேன். பாஸ்வேர்டு என்றால் அன்றைக்கே மாற்றச் சொல்லிவிடுவேன்.

சாரின் லேப்டாப்பில் செட்டிங்ஸ் போய் அந்தப் பரிந்துரையை அணைத்துவிட்டோம். ஹிஸ்டரி நினைவை அப்படியே விட்டுவைத்தோம். இரண்டு எழுத்துக்கு அதுதானே வேண்டும்.